தீவுக் காசுகள்: ஆமை, பன்றி, நித்தியகல்யாணி

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கு அச்சு வெட்டி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் நாணயக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த மாதம் வந்த கடிதங்களில் தீவு நாட்டுக் காசுகள் பற்றியவையே அதிகம்.)

கேள்வி: என் மகள் மாலத்தீவில் நர்ஸாக இருக்கிறாள். லீவுக்கு வந்தபோது அந்த ஊர்ச் சில்லறையை ஒரு சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தாள். மரம், மீன், கப்பல், பள்ளிவாசல் கோபுரம், ஆமை, அரசுச் சின்னம், சங்கு என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். ஒரு தலைவர் முகம்கூட இல்லை. இவற்றுக்கு என்ன அர்த்தம், ஐயா?
வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: ஏழு காசையும் விடாமல் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் என்றால் உங்கள் மகள் கெட்டிக்காரப் பெண்தான் அம்மா. மாலத்தீவின் மிகச் சின்னக் காசான ஒரு லாரிக்கு இன்று ஒரு மிட்டாய்கூட வராது. அதையும் தேடிப் பிடித்திருக்கிறார்.

காசுகளை மதிப்பின்படி வரிசையாக வையுங்கள். 1 லாரியில் தென்னை. 5 லாரியில் சூரை மீன். 10 லாரியில் 'ஓடி' என்கிற பாய்மரக் கப்பல். 25 லாரியில் மாலே நகரத்து மினாரா. 50 லாரியில் கடலாமை. 1 ரூஃபியாவில் அரசுச் சின்னம். 2 ரூஃபியாவில் பெரிய சங்கு. நூறு லாரி சேர்ந்தால் ஒரு ரூஃபியா. காசில் 1984 என்ற ஆண்டுக்குப் பக்கத்தில் 1404 என்று இன்னோர் எண் தெரிந்தால் குழம்ப வேண்டாம், அது ஹிஜ்ரி ஆண்டு. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து தானா. அவர்களுடைய திவேஹி மொழிக்கான எழுத்து.

படங்களைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். நீங்கள் இருக்கும் ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேலே 1,500 மீட்டரில் இருக்கிறது. மாலத்தீவில் இயற்கையாக அமைந்த மிக உயரமான மேடு இரண்டரை மீட்டரைத் தொடாது. கிட்டத்தட்ட 1,200 தீவுகள், ஆள் குடியிருப்பது 200 வாக்கில். ஆறு கிடையாது, நெல் வயல் கிடையாது. அப்படிப்பட்ட மண்ணில் நின்று பிழைக்கிற மரம் தென்னை. சாப்பிட அது, கூரைக்கு அது, கயிற்றுக்கு அது. 10 லாரிக் கப்பல் இருக்கிறதே, அந்த மாதிரிக் கலங்களுக்குப் பலகையும் தென்னையிலிருந்துதான்; பலகையைப் பலகையோடு சேர்த்துத் தைத்ததும் தென்னங்கயிற்றால்தான். ஆக ஒரு லாரிக்காரன் இல்லாமல் பத்து லாரிக்காரன் கடலில் இறங்க முடியாது.

5 லாரி மீன் உங்களுக்குத் தெரிந்த மீன்தான், ஆனால் வேறு உருவத்தில். சூரையை வேகவைத்து, புகை காட்டி, கட்டை மாதிரி காயவைத்தால் மாசி. இலங்கைக்காரர்கள் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடுவது அதுதான். மாலத்தீவில் அந்த மீனை வலை வீசி அள்ளுவதில்லை. தூண்டிலில் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் எறிந்து, தண்ணீரைச் சிதறடித்து, சூரைக் கூட்டம் மேலே வந்ததும் வரிசையாக நின்று கழியை வீசுவார்கள். முள்ளில் எதிர்க்கொக்கி இருக்காது. மீன் படகுக்குள் விழும்போதே தானாகக் கழன்றுகொள்ளும்.

25 லாரியில் இருக்கும் மினாரா மாலேயின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலைச் சேர்ந்தது. பள்ளிவாசல் 1658இல் முடிந்தது, மினாரா 1675இல். பள்ளிவாசலைக் கட்டிய கல் மலையில் வெட்டியதல்ல, கடலுக்குள்ளிருந்து எடுத்த பவளப்பாறை. மலையே இல்லாத ஊரில் கல்லுக்கு எங்கே போவது? வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும் அந்தக் கல்லில் கொடியும் எழுத்தும் செதுக்கியிருக்கிறார்கள். காசில் அந்த நுணுக்கம் தெரியாது, அவ்வளவு சின்ன வட்டத்தில் தெரியவும் முடியாது.

இப்போது என் தொழிலுக்குப் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். லாரி என்ற பெயரில் முன்பு ஒரு வெள்ளிக்காசு இருந்தது. அது வட்டமே இல்லை. பாரசீகத்தின் லார் பகுதியிலிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடல் முழுக்கச் சுற்றிய காசு. வெள்ளியைக் கம்பியாக இழுத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, நடுவில் மடக்கி, இரண்டு காலிலும் எழுத்தச்சை வைத்து ஓர் அடி. முடிந்தது காசு. இலங்கையில் இதையே தூண்டில் முள் மாதிரி வளைத்துப் புழங்கினார்கள். மாலத்தீவு சுல்தான்கள் தங்கள் பெயரிலேயே அடித்தார்கள். 1602இல் கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கிச் சில ஆண்டுகள் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், இந்தக் கம்பிக் காசைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சில்லறை வேண்டுமானால் கம்பியை வெட்டி நிறுத்துக் கொடுப்பார்களாம்.

கொலுசுக்குக் கம்பி இழுக்கிற ஊர்க்காரனுக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. வட்டக் காசு என்றால் தகடு அடிக்க வேண்டும், வில்லை வெட்ட வேண்டும், ஓரத்தைச் சீவ வேண்டும், எடை பார்க்க வேண்டும். கம்பிக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. தடிமன் ஒன்றாக வந்துவிட்டால், நீளத்தை அளந்து நறுக்கினாலே எடை சரியாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் வெள்ளி வேலைக்காரனாகத்தான் இருப்பான்.

வெள்ளிக்கும் முன்னால் சோழி. பல்லாங்குழியில் போட்டு விளையாடுகிறோமே, அதே சோழிதான். 1343இல் மாலத்தீவுக்குப் போய் அங்கே காஜியாகவும், அதாவது நீதிபதியாகவும், இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, சோழியைக் கடலிலிருந்து எடுத்துக் குழியில் போட்டு, சதை அழுகி ஓடு மட்டும் மிஞ்சும்வரை விடுவதையும், வங்காளத்துக்காரர்கள் அரிசி கொடுத்துச் சோழி வாங்கிப் போவதையும் எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், கடலில் கிடக்கிற பணத்தைப் பொறுக்கிக் கொடுத்து, நிலத்தில் விளைகிற சோற்றை வாங்கியிருக்கிறார்கள்.

சரி, தலைவர் முகம் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். 1968வரை அங்கே சுல்தான் ஆட்சி, பிறகு குடியரசு. புதுக்காசு வரும்போது யார் முகத்தைப் போட்டாலும் நாளைக்கு வருகிறவர் அதை மாற்றப் பார்ப்பார். தென்னைக்கும் சூரைக்கும் கட்சி கிடையாது. கொஞ்ச காலமே ஆன அரசுகள், அதுவும் தீவு அரசுகள், காசில் மரத்தையும் மீனையும் போடுவதில் இந்த நிம்மதி இருக்கிறது என்பது என் எண்ணம். நாமும் 1950இல் குடியரசுக் காசு அடித்தபோது காளையையும் குதிரையையும் தானியக் கதிரையும்தான் போட்டோம்.

ஏழில் எனக்குப் பிடிக்காதது 1 ரூஃபியா. தென்னை, பிறை, நட்சத்திரம், இரண்டு பக்கமும் கொடி, கீழே நாட்டின் பழைய பட்டப் பெயர் எழுதிய சுருள். அரசுச் சின்னத்தில் இதெல்லாம் இருக்க வேண்டியதுதான். காசில் கொண்டுவந்து அடக்கினால் எது கொடி, எது ஓலை என்று கண் தேடுகிறது. பிடித்தது ஆமை. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

சங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது டிரைட்டன் சங்கு. பவளத்தைத் தின்று அழிக்கும் முள்முடி நட்சத்திர மீனை இந்தச் சங்குப் பூச்சி வேட்டையாடித் தின்னும். நாடே பவளத்தின் மேல் நிற்பதால் அது அவர்களுக்குக் காவல்காரன். மகள் அடுத்த முறை வரும்போது காசு கொண்டுவரட்டும், நிஜச் சங்கு வேண்டாம். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உயிருக்கும் இடம் உண்டு. விமான நிலையத்தில் வீண் வம்பு.

கேள்வி: மாமா தந்த மாலத்தீவு 50 லாரியில் ஆமையின் முதுகு மட்டும் தேய்ந்துபோய் வழவழவென்று இருக்கிறது. சுற்றியுள்ள எழுத்து புதுசு மாதிரி இருக்கிறது. ஏன் இப்படி?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தம்பி, நல்ல கண் உனக்கு. ஒரு வேலை செய். அந்தக் காசை மேஜையில் படுக்க வைத்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் கிடத்தி அடி. வெளிச்சம் முதலில் எங்கே படுகிறதோ அதுதான் உயரமான இடம். ஓரத்தில் ஒரு வரம்பு ஓடும், நடுவில் ஆமை ஓட்டின் மேடு நிற்கும். எழுத்தெல்லாம் இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் கிடக்கும். பையில் சாவியோடும் மற்றக் காசுகளோடும் உரசும்போது மேட்டுக்குத்தான் அடி விழும்.

அச்சு வெட்டுகிறவன் இதைத் தெரிந்துதான் வெட்டுவான். படத்தின் எந்த இடமும் ஓர வரம்பைத் தாண்டி எழும்பக் கூடாது. எழும்பினால் காசை அடுக்க முடியாது, சரிந்து விழும். அதனால் ஆமையின் நிஜ உருண்டையை ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்குக்குள் தட்டையாக்கி, ஆனால் உருண்டை மாதிரியே கண்ணுக்குக் காட்ட வேண்டும். சாமி டாலர் வெட்டும்போது எங்களுக்கும் இதே பாடுதான், ஆனால் டாலரை யாரும் அடுக்கி வைக்கப் போவதில்லை என்பதால் பிள்ளையார் தொப்பையைக் கொஞ்சம் தாராளமாகவே விடுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அச்சில் மேடாக வர வேண்டியதைப் பள்ளமாக வெட்டணும், இடதை வலதாக வெட்டணும். ஒரு பக்கத்தில் ஆழமான பள்ளம் இருந்தால், அடி விழும்போது உலோகம் அதை நிரப்ப ஓடும். அதற்கு நேர் பின்பக்கத்திலும் பெரிய மேடு இருந்தால் இரண்டுக்கும் உலோகம் போதாது. ஏதோ ஒரு பக்கம் சப்பையாக நிற்கும். அதனால்தான் ஒரு பக்கம் கனமான படம் வந்தால் மறுபக்கத்தை எண், எழுத்து என்று லேசாக வைப்பார்கள்.

ஆமை இதற்கென்றே படைத்த உருவம். ஓடு ஒரே மேடு, அதில் கட்டம் கட்டமாகக் கோடு, நான்கு துடுப்புகளும் தானாகவே பள்ளத்தை நோக்கி இறங்கும். தேய்ந்தால்கூட ஆமை ஆமையாகவே தெரியும். மனித முகத்தை எடுத்துக்கொள், மூக்கு தேய்ந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

நம்ம ஊர் உருக்காலையிலும் நாணயத்துக்கான துருப்பிடிக்காத எஃகு வில்லைகளை வெட்டும் பிரிவு உண்டு, தெரியுமா? அங்கே வில்லை மட்டும்தான். படம் விழுவது அரசு நாணயச் சாலையில். எஃகில் படம் எடுப்பது பித்தளையில் எடுப்பதைவிடக் கஷ்டம், அச்சு சீக்கிரம் தேயும். நம் எஃகுக் காசுகளில் படம் தட்டையாக, கோட்டுச் சித்திரம் போலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாச் சாமான்களை விற்றபோது மேஜை ஒன்று வாங்கினேன். இழுப்பறையில் ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் யாழ், 1928. மறுபக்கம் பன்றியும் குட்டிகளும்! இதை விளையாட்டுக்காக அடித்தார்களா, நிஜக் காசா?
ஓய்வு பெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நிஜக் காசுதான் சார். அயர்லாந்தின் அரை பென்னி. உலகத்தில் இதைவிட அழகான காசு வரிசையை நான் பார்த்ததில்லை என்று துணிந்து சொல்வேன். அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிட்டனின் நேரடி ஆட்சியிலிருந்து விலகித் தனி அரசானது. அதுவரை கையில் புழங்கியது லண்டன் ராஜா தலை போட்ட காசு. 1926இல் சொந்தக் காசுக்குச் சட்டம் வந்தது. படம் என்ன போடலாம் என்று சொல்ல ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கவிஞர் யேட்ஸ். நோபல் பரிசு வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது, செனட் உறுப்பினராகவும் இருந்தார். ஒரு கவிஞரிடம் சில்லறைக் காசை ஒப்படைத்த அரசு அது.

குழு முதலில் முடிவு செய்தது எதைப் போடக் கூடாது என்பதைத்தான். உயிரோடிருக்கும் தலைவர்கள் வேண்டாம், சமீபத்தில் செத்த தியாகிகளும் வேண்டாம். நாடே அப்போதுதான் உள்நாட்டுப் போர் முடிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்குத் தியாகி மற்றவருக்குத் துரோகி. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த பழைய யாழ் எல்லோருக்கும் பொது, அது ஒரு பக்கம். மறுபக்கத்துக்கு நாட்டில் மேய்கிற, நீந்துகிற, பறக்கிற உயிர்கள். ஃபார்திங் என்ற மிகச் சின்னக் காசில் காட்டு உள்ளான், அரை பென்னியில் பன்றி, ஒரு பென்னியில் கோழியும் குஞ்சும், மூன்று பென்ஸில் முயல், ஆறு பென்ஸில் ஓநாய் வேட்டைநாய், ஷில்லிங்கில் காளை, ஃபுளோரினில் சால்மன், அரைக் கிரவுனில் குதிரை. எழுத்தெல்லாம் ஐரிஷ் மொழியில்.

பல நாட்டுக் கலைஞர்களைக் கூப்பிட்டு மாதிரி கேட்டார்கள். ஸ்வீடனின் கார்ல் மில்லஸ், அமெரிக்காவின் பால் மான்ஷிப் போன்ற பெரிய கைகள். கடைசியில் ஜெயித்தவர் பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலேயர்! விடுதலை வாங்கிய நாட்டின் முதல் காசை இங்கிலாந்துக்காரர் வரைந்தார், லண்டன் நாணயச் சாலையே அடித்தது. இதைச் சொல்லிக் கோபப்பட்டவர்கள் அங்கே நிறைய. சிலுவையும் புனிதர்களும் இல்லையே என்று வேறு சிலர் வருத்தப்பட்டார்கள். பிராணி மேல் யாருக்கும் சண்டை இராது என்று முதல் கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அதற்கு ஒரு விலக்கு இந்தப் பன்றி.

மெட்காஃப் முதலில் செய்த பன்றி தலையைத் தூக்கி, கன்னம் உப்பி, திமிராக நின்றதாம். குட்டிகளும் உருண்டு திரண்டு இருந்தன. விவசாயத் துறையின் கால்நடை நிபுணர்கள் பார்த்துவிட்டு, இந்த வளர்த்தி சந்தைக்கு ஆகாது என்றுவிட்டார்கள். அயர்லாந்து பன்றி இறைச்சியை ஏற்றுமதி செய்து பிழைத்த நாடு, காசில் நிற்கும் பன்றி விற்கிற பன்றி மாதிரி இருக்க வேண்டாமா? திருத்தினார்கள். காளைக்கும் இதே கதி. பழைய பன்றியின் அந்தத் தூக்கிய தலையும் எகத்தாளப் பார்வையும் போய்விட்டதே என்று யேட்ஸ் பின்னால் ஏங்கி எழுதினார். ஒரு இடத்தைத் திருத்தினால் படம் முழுக்கத் திருந்த வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அச்சு வெட்டுகிறவன் எவனும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டான். வாடிக்கையாளர் வந்து மயிலின் கழுத்தை மட்டும் கொஞ்சம் நீட்டச் சொல்வார். கழுத்து நீண்டால் தோகை இடிக்கும், தோகையை இறக்கினால் கால் மறையும்.

உங்கள் காசைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாய்ப்பன்றியின் முதுகுக் கோடு காசின் வட்டத்தோடு சேர்ந்தே வளைகிறது, குட்டிகள் காலடியில் வரும் காலி இடத்தை நிரப்புகின்றன. பின்னணியில் மரம், வேலி என்று எதுவும் கிடையாது. வெறும் சமதளம். அந்த வெறுமையை அனுமதிக்கிற தைரியம் எல்லாக் குழுவுக்கும் வராது.

இந்த உயிர்கள் லேசில் போகவில்லை. 1971இல் பவுண்டுக்கு நூறு பென்ஸ் என்று கணக்கு மாறிய பிறகும் காளை 5 பென்ஸுக்கும், சால்மன் 10 பென்ஸுக்கும் போயின. மிகச் சின்னக் காசில் இருந்த உள்ளான் 50 பென்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பன்றிக்குப் பதவி உயர்வு இல்லை. 2002இல் யூரோ வந்ததும் யாழ் மட்டும் நின்றது.

கேள்வி: என்னிடம் ஒரு சிங்கப்பூர் டாலர் காசு இருக்கிறது, தமிழில் 'சிங்கப்பூர்' என்று இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்று ஒருவர் போனில் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார்.
வாசகர், ஓமலூர்

பதில்: போனை வையுங்கள். உங்கள் காசை வாங்குகிறவன் எதற்கு உங்களிடம் பணம் கேட்கிறான்? சிங்கப்பூரில் அந்தக் காசின் மதிப்பு ஒரு டாலர்தான்.

கேள்வி: சிங்கப்பூர்க் காசில் நித்தியகல்யாணிப் பூ இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? எங்கள் பக்கம் அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள்!
வாசகி, ஆத்தூர்

பதில்: உண்மைதான், பழைய வரிசையின் ஒரு டாலரில் இருப்பது அதுவேதான். அவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை போலிருக்கிறது.

சிங்கப்பூர் இரண்டு முறை காசின் முகத்தை மாற்றியிருக்கிறது. 1967இல் வந்த முதல் வரிசையில் கடல்குதிரை, வாள்மீன், சிங்கமீன் எல்லாம் நீந்தின. 1985இல் தொடங்கிய இரண்டாம் வரிசை முழுக்கச் செடிகொடி. 1 சென்ட்டில் நாட்டு மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட், 5இல் மான்ஸ்டெரா, 10இல் நட்சத்திர மல்லிகை, 20இல் பவுடர் பஃப், 50இல் அல்லமண்டா, டாலரில் நித்தியகல்யாணி. நாட்டின் பெயர் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் வந்தது இந்த வரிசையில்.

இந்தச் செடிகள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்று பாருங்கள். நித்தியகல்யாணி மடகாஸ்கர். அல்லமண்டா, மான்ஸ்டெரா, பவுடர் பஃப் அமெரிக்கக் கண்டங்களின் வெப்ப நாடுகள். நட்சத்திர மல்லிகை இந்தியப் பக்கம். அந்த ஆர்க்கிட் மட்டும் சிங்கப்பூர்த் தோட்டத்தில் பிறந்தது, அதுவும் இரண்டு இனம் கலந்த கலப்பு. ஆக வெளியிலிருந்து வந்து வேர் பிடித்தவையும், அங்கேயே கலந்து பிறந்ததும்தான் மொத்த வரிசையும். நாலு மொழி எழுதிய காசுக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டம் கிடையாது. வேண்டுமென்றே தேர்ந்தார்களோ, தற்செயலோ, எனக்கு அப்படித்தான் படுகிறது.

டாலர்க் காசுக்குள் எட்டு மூலைச் சட்டம் ஒன்று இருக்கும். ராசிக்காக வைத்தது என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. கதை கதையாகவே இருக்கட்டும்.

2013இல் வந்த மூன்றாம் வரிசையில் அடுக்குமாடி வீடு, விமான நிலையம், துறைமுகம் என்று கட்டடங்கள். தமிழ் இப்போதும் இருக்கிறது. ஆனால் பூவில் இருந்த உயிர் கட்டடத்தில் இல்லை. விமான நிலையத்தைக் காசில் அடித்தால் அது விளம்பரம் மாதிரிதான் தெரியும். இது ஒரு கிழவனின் ரசனை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் சதுரமாகவும், ஓரம் வளைவு வளைவாகவும் சில காசுகள். ஏன் வட்டமாக அடிக்கவில்லை?
வாசகர், வாழவந்தி, ஏற்காடு

பதில்: சதுரம் 5 சதம், வளைவு ஓரம் 2 சதமும் 10 சதமும். கண்ணால் பார்க்காமலே விரலால் தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தோட்டத்துக் கூலி வாங்குகிறவர், விடிவதற்கு முன் கடைக்குப் போகிறவர், எழுத்துப் படிக்காதவர் எல்லோருக்கும் மடியில் கைவிட்டால் தெரிந்துவிடும். நம் நாட்டிலும் பழைய ஒரு அணா வளைவு ஓரம், இரண்டு அணா சதுரம் என்று இருந்ததே, அதே யோசனை.

ஆண்டைப் பாருங்கள். 1948இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் சில காலம் பிரிட்டிஷ் ராஜா, ராணி தலைதான் காசில். 1963இல்தான் அது போய் நாட்டுச் சின்னம் வந்தது. வாளேந்திய சிங்கம்தான் இன்றைய சின்னத்திலும் நடுவில், சுற்றித் தாமரை இதழ்கள், மேலே தர்மச் சக்கரம். மறுபக்கம் மதிப்பு மட்டும், சிங்களம், தமிழ், ஆங்கிலத்தில். மாலத்தீவில் தென்னை, மீன், ஆமை என்று பல உயிருக்குப் பகிர்ந்துகொடுத்த இடத்தை இங்கே வெகுகாலம் சிங்கம் ஒன்றே எடுத்துக்கொண்டது. யாருடைய சிங்கம் என்ற கேள்விக்கு நான் இந்தப் பகுதியில் பதில் எழுதப்போவதில்லை.

ஆனால் அதே தீவில் வேறொரு காசும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் 'சேது' என்று இரண்டே எழுத்து. ராமேசுவரத்துச் சேதுவுக்குத் தாங்கள் காவலர் என்று சொல்லிக்கொண்ட மன்னர்கள். நந்தியின் திமிலைக் காட்ட அச்சுக்காரன் ஒரே ஒரு புள்ளி வைத்திருப்பான், கொம்புக்கு ஒரு கீறல். தேய்ந்துபோன காசிலும் அது மாடு என்று சட்டென்று தெரியும். தாத்தாவின் பெட்டியில் அப்படி ஏதாவது கிடந்தால் முதலில் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

கேள்வி: கடல் காற்றில் இருந்து வந்த அலுமினியக் காசுகளில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: கூடவே கூடாது. புளி பித்தளைக் குடத்துக்கு. அலுமினியத்தைப் புளியும் எலுமிச்சையும் அரிக்கும், சாம்பல் தூள் கீறும், சோடா உப்பும் வேண்டாம். நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, உப்பு இறங்கியதும் தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஊறவைத்து, பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வெள்ளையை விட்டுவிடுங்கள், அது உலோகத்தின் மேல்தோல். சுரண்டினால் படமும் சேர்ந்து போகும். காய்ந்த பிறகு தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் மொத்தமாகக் கட்டி வைத்தால் ஏற்கெனவே உள்ள ஈரம் உள்ளேயே தங்கி மறுபடி பூக்கும்.